பலனும் பிரமாணமும்

வேதம் மெய்யானது என்பதற்கு நியாய சூத்திரம் இயற்றிய கௌதமர் காட்டும் காரணம், பக்தர்களையும் நாத்திகர்களையும் ஒருங்கே வியக்கவைக்கும் அளவுக்கு லௌகிகமானது. மந்திரமும் ஆயுர்வேதமும் கைமேல் பலன் தந்து தம் பிராமாண்யத்தை எவ்வாறு நிலைநாட்டிக்கொள்கின்றனவோ அவ்வாறே, அவற்றைச் சொன்ன ஆப்தர்கள் நம்பத் தகுந்தவர்கள் என்பதைக் கொண்டு, கண்ணால் காண முடியாதவற்றைப் பற்றி அவர்கள் சொன்னதையும் நம்பலாம் என்கிறார் அவர். கஷாயம் குடித்தவனுக்குக் காய்ச்சல் தணிந்தது. ஆகவே கஷாயத்தைச் சொன்னவர் அறிந்தவர். ஆகவே அவர் சொன்ன மற்றதும் மெய். திருமணஞ்சேரிக்குப் போய்ப் பிரார்த்தித்துக்கொண்டு வந்த சில மாதங்களில் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது என்று சொல்லி, அந்தத் தலபுராணம் முழுவதையும் ஒருவர் நம்பத் தலைப்படுவதும் இந்த வாதத்தின் வழியே நடப்பதுதான். இதைப் பாமர நம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள், பாரத தேசத்துத் தர்க்க சாஸ்திரத்தின் மூல நூலே இந்த வழியில் ஓரடி நடந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பலனைக் கண்டதும் காரணத்தைக் கண்டதாகிவிடுமா என்பதே இங்கு விசாரணைக்கு உரிய பொருள். இதனை மனித உடம்பை வைத்து விசாரிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது: காய்ச்சல் தணிந்தவனுக்கு, கஷாயத்தின் சக்தியைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக, மறுபடியும் காய்ச்சலை வரவழைத்துப் பார்க்க முடியாது; வரவழைக்க முடிந்தாலும், வந்தது அதே காய்ச்சல்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. கல்யாணம் ஆகிவிட்ட பெண்ணைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. ஆகையால், கெட்டதைச் சரிசெய்யவும் சரியானதை மீண்டும் கெடுத்துப் பார்க்கவும் ஒருசேர இடங்கொடுக்கும் ஒரு பொருளைத் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்வது உத்தமம். மோட்டார் சைக்கிள் என்ஜின் அத்தகையது. அதிலும், கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு, ஐடிலிங்கில் நிலைகொள்ளாமல் தடுமாறும் என்ஜின் இருக்கிறதே, அது நியாய நூலாரான நையாயிகர்களுக்கென்றே படைக்கப்பட்டது என்று சொல்லலாம்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்ததை அடுத்து, புதிதாக விற்பனைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் ஏறத்தாழ எல்லாமே இன்ஜெக்ஷன் வண்டிகளாகிவிட்டன. அதற்கு முன், வண்டி 'ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்கிறது' என்று ஒருவர் பட்டறைக்கு வந்தால், மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுத்து, கார்புரேட்டரின் ஏர் ஸ்குரூவைக் கால் திருகு திருகி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டு, மறுபடி அரைக்கால் திருகு திருகிக் காரியத்தை முடித்துவிடுவார். கையும் காதும் மட்டுமே பங்குகொண்ட அந்த வைத்தியம் முழுவதும் பிரத்தியட்சத்தின் ராஜ்யத்தில் நடந்தது. இன்ஜெக்ஷன் வண்டியிலோ, அந்தக் காதுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இ.சி.யூ. எனப்படும் கணிப்பான் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்க வேண்டும் என்பதை ஒருவரையும் கேளாமல் தானே தீர்மானிக்கிறது. அது தீர்மானிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. என்ஜினுக்குள் செல்லும் காற்றை அது ஒருபோதும் நேரே அறிவதில்லை. இன்டேக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், த்ராட்டில் திறந்திருக்கும் அளவு, என்ஜின் சுற்றும் வேகம் என்ற சில அடையாளங்களைக் கொண்டு, இவ்வளவு காற்று உள்ளே போயிருக்க வேண்டும் என்று அனுமானித்து, கலப்பில்லாத பெட்ரோலானால் எடையில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை அனுசரித்து, விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. எரிந்து முடிந்த பின்னர், சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை விசாரித்து, தன் அனுமானம் சரிதானா என்று பரிசீலித்து, மிகுந்திருந்தால் குறைத்தும் குறைந்திருந்தால் மிகுத்தும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆக, மெக்கானிக் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே அங்கே ஓர் அனுமானம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அனுமானம் எங்கே பிசகியது என்பதை இவர் அனுமானிக்க வேண்டியவராகிறார்.

சாலையில் ஓடும்போது தெரியாத குறை, சிக்னலில் நிற்கும்போது தெரிவதற்கும் காரணம் உண்டு. நிமிஷத்துக்கு 1,400 சுற்று என்பது சிறிய வண்டிகளில் சாதாரணமான ஐடிலிங் வேகம். ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே எரிப்பு நிகழும் ஆகையால், நிமிஷத்துக்கு 700 எரிப்பு, விநாடிக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. இவற்றில் ஒன்று தவறினாலும் என்ஜின் அந்தத் தவற்றைத் தன் பழைய வேகத்தைக் கொண்டு மறைத்துக்கொள்ள வழியில்லை. த்ராட்டில் ஏறத்தாழ மூடியிருக்க, உள்ளே செல்லும் காற்றே சொற்பமாக இருக்கும்போது, ரப்பர் குழாயின் வெடிப்பில் நுழையும் நூலளவு காற்றும், த்ராட்டில் பாடியின் விளிம்பில் படிந்த கரியும், பிளக்கின் சோர்வும் தத்தம் அளவுக்கு மிஞ்சிய அதிகாரம் செலுத்துகின்றன. மேலும் இதே தடுமாற்றத்தை இவை ஒவ்வொன்றும் தனித்தனியே உண்டாக்க வல்லவை. காரியம் ஒன்று, காரணம் பல என்ற இந்த நிலைமைதான் அனுமானத்துக்கு ஆபத்தான இடம்.

அந்த ஆபத்தின் முழு வடிவத்தை ஆக்ஸிஜன் சென்சாரிடம் காணலாம். சுமார் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய பின்னரே அது வாய் திறக்கும். திறந்தபின் அது சொல்லும் செய்தி ஒரு சிறு மின்னழுத்தம், சுமார் 0.45 வோல்ட்டுக்கு மேல் என்றால் பெட்ரோல் அதிகம், கீழே என்றால் குறைவு என்று இ.சி.யூ. பொருள் கொள்கிறது. ஆனால் பெட்ரோலைப் பற்றிச் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே அது அறிவது. பெட்ரோல் குறைவானால் ஆக்ஸிஜன் மிஞ்சும் என்பது மெய், ஆனால் பெட்ரோல் போதுமான அளவு இருந்தும் பிளக் பொறி தவறிவிட்டால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்து வெளியேறும், அப்போதும் சென்சார் 'ஆக்ஸிஜன் இருக்கிறது' என்று உண்மையே சொல்லும், இ.சி.யூ. 'பெட்ரோல் குறைவு' என்று பொய்யே உணரும். சைலன்சர் என்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு இருந்து, எரிப்புக்கும் எரிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் அதே கதைதான். அடையாளமாகக் காட்டப்படும் ஏது, நிறுவ வேண்டிய சாத்தியம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுமானால் அதை அநைகாந்திகம் என்று பழைய தர்க்க நூல்கள் ஒதுக்கின. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இந்த ஏதுப் போலிகளை ஒவ்வொன்றாக விரித்துச் சொல்கிறார். ஆவியா பனியா என்ற ஐயம் தீராத ஒன்றைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிகிறவனும் அந்த வரிசையில் வருகிறான். காவியத்தின் சுவையை நாடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தள்ளிவிடும் அந்தக் காதை, ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைகளில் படிக்கத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம்.

இ.சி.யூ. தவறாக அனுமானிப்பதோடு நிற்பதில்லை, அனுமானித்தபடி நடக்கவும் செய்கிறது. பெட்ரோல் குறைவு என்று எண்ணி மேலும் மேலும் தெளிக்கிறது. உண்மையில் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்த என்ஜின் ஐடிலிங்கில் திணறுகிறது. பிளக்கில் கரி படிகிறது. கரி படிந்த பிளக் பொறி தவறுகிறது. தவறிய எரிப்பின் ஆக்ஸிஜன் மறுபடி சென்சாருக்குப் போய், முதலில் செய்த தவற்றுக்கு அதுவே சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

திருச்சியில் பாலக்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான் கண்டது இதுதான். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் வண்டி; சூடேறும் வரையில் ஒழுங்காக நின்று, சூடேறிய பின் ஏறி இறங்கித் தடுமாறி, சிக்னலில் அணைந்துபோகும். முதலில் அவர் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் ஆக்ஸிஜன் சென்சாரின் பெயரைச் சொல்லி, கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோடு வந்தது. சென்சாரை மாற்றினார்கள், செலவு ஆயிரக்கணக்கில். ஒரு வாரம்போல வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறந்தாள். திரும்பப் போய்க் கேட்டதற்கு, சென்சார் கம்பெனிச் சரக்குதான், நீங்கள் போட்ட பெட்ரோலில்தான் ஏதோ கலப்பு என்று பதில் வந்ததாம்.

பாலக்கரைக்காரர் ஸ்கேனரையும் பார்த்தார். ஆனால் அதற்கு முன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உலர்ந்த கரி, விரலில் ஒட்டும் கருப்பு. பெட்ரோல் குறைவானால் பிளக் வெளுத்திருக்க வேண்டும். இதுவோ பெட்ரோல் அதிகம் என்கிறது. ஆப்த வாக்கியம் ஒன்று சொல்ல, பிரத்தியட்சம் வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடுவது அல்ல, இரண்டும் ஒருங்கே மெய்யாகக்கூடிய ஒரு நிலைமை எது என்று தேடுவதே அவர் செய்த காரியம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவை இயலில், பிறர் கூறும் பல அளவைகளைக் குறிப்பிடும்போது ஒழிபு என்பதையும் சொல்லி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதைக் கொள்ளும் அந்த ஒழிபுதான் பட்டறையில் பாதி உழைப்பு. வண்டியை இரவு அங்கேயே விட்டுவைத்து, மறுநாள் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டேப்பெட் மூடிகளைத் திறந்து ஃபீலர் கேஜை நுழைத்து வால்வு இடைவெளியைப் பார்த்தார்; அந்த வண்டிக்கு அது இன்டேக்கில் 0.08 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 0.12 இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. டேப்பெட் சத்தம் கேட்கவில்லையே, அதைப் பார்ப்பானேன் என்று ஆசிரியர் கேட்டார். சத்தம் இல்லாத டேப்பெட்தான் பயம் என்றார் அவர். இடைவெளி கூடினால் தட்டும், கேட்டுவிடலாம்; குறைந்தால் ஓசையே இராது, சூடேறியதும் வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் கசியும், கடைசியில் வால்வு எரிந்துபோகும். மௌனத்தை ஆரோக்கியத்துக்கு அடையாளமாகக் கொள்வது, சாதிக்க வந்ததற்கு நேர்மாறானதைச் சாதித்துவிடும் விருத்த ஏதுவாகும்.

என்ஜினைச் சூடேற்றி, தடுமாற்றம் வந்ததும், பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளரைக் கழற்றினான். என்ஜின் சற்று நேரத்தில் நிலைகொண்டது.

"பாய், சென்சார்தான் போச்சு. கழட்டினதும் நின்னுடுச்சு பாருங்க."

"சாட்சியை வெளிய அனுப்பிட்டா வழக்கே இல்லாமப் போயிரும்டா தம்பி. அதுக்காக சாட்சிதான் திருடனா?"

பையன் செய்தது தர்க்கத்தில் வியதிரேகம் எனப்படும். ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லை என்று காட்டுவது. காரணத்தை அறிய இதைவிட வலிய கருவி இல்லை என்பார்கள். ஆயினும் இங்கே அது குற்றவாளியை விட்டுச் சாட்சியைப் பிடித்தது. சென்சார் நீங்கியதும் இ.சி.யூ. தன்னைத் திருத்திக்கொள்வதை நிறுத்திவிட்டு, மனப்பாடமான அளவுப்படி பெட்ரோல் விடுகிறது. ஆகையால் பொய்யான செய்தி எங்கிருந்து பிறந்ததாயினும் அதன் விளைவு நின்றுவிடுகிறது. ஈர விறகு என்ற உபாதியை, அதாவது மறைந்திருக்கும் நிபந்தனையை, மறந்துவிட்டு, நெருப்புள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று சொல்கிறவனுக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி வாயடைப்பார்கள் நையாயிகர்கள். அந்தப் பையனுக்கு அவர் காட்டியது சைலன்சர் சிலிண்டரோடு சேரும் இடத்தை. அங்கே நட்டைச் சுற்றி விசிறிபோல் ஒரு கரிக் கோடு படிந்திருந்தது. என்ஜின் ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து, சைலன்சரின் வாயை மடித்த துணியால் ஒரு கணம் அழுத்தி, சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை விட்டார். அது குமிழியிட்டுச் 'சக்சக்' என்றது. உள்ளே இருந்த பேக்கிங் வளையம் ஒரு பக்கம் தின்றுபோயிருந்தது. புது பேக்கிங்கின் விலை, மாற்றிய சென்சாரின் விலைக்கு முன் சொல்லத் தகுந்ததல்ல.

பேக்கிங்கை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து, ஆசிரியர் பத்திரமாக வைத்திருந்த பழைய சென்சாரை வாங்கி அதையே மறுபடி மாட்டினார். வண்டி சூடேறியும் அசையாமல் நின்றது. அதன் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போதே ஸ்பானரை எடுத்து, சைலன்சர் நட்டுகளை மெதுவாகத் தளர்த்தினார். சிறிது நேரத்தில் பழைய தடுமாற்றம் அப்படியே திரும்பி வந்தது.

"என்ன பாய் இது, சரியாப் போனதை மறுபடி எதுக்குக் கெடுக்கிறீங்க?" என்று ஆசிரியர் பதறினார்.

"கெடுத்துப் பாத்தாத்தான் சார், சரி பண்ணினது நாமதானான்னு தெரியும்."

முதல் இடத்தில் ஒரு வாரம் வண்டி ஓடியதன் ரகசியமும் அதனால் வெளிப்பட்டது. சென்சாரைக் கழற்ற இடம் போதாமல் அவர்கள் சைலன்சரை இறக்கி, மறுபடி ஏற்றி நட்டுகளை முறுக்கியிருக்கிறார்கள்; தின்றுபோன பேக்கிங் அந்த முறுக்கில் சில நாள் காற்றை அடைத்துக்கொண்டது. அவர்கள் செய்த காரியமே பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பலன் தந்த காரியம் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, பிரமாணத்தால் பொருளை அறிந்தவனுடைய பிரவிருத்தி, அதாவது முயற்சி, சாமர்த்தியம் பெறுகிறது, அதனாலேயே பிரமாணம் பயனுடையது என்று கூறுகிறார். பிரவிருத்தி கைகூடுமானால் அறிவு மெய் என்று இதைத் திருப்பிப்போட்டுக் கொள்வது எவ்வளவு அபாயம் என்பதை, 8-ஆம் நூற்றாண்டில் தர்மகீர்த்தியின் நூலுக்கு உரை கண்ட தர்மோத்தரர் என்ற பௌத்த ஆசாரியர் ஓர் உதாரணத்தால் காட்டினார். இறைச்சி சுட ஒருவன் அப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறான். இன்னும் புகை எழவில்லை. இறைச்சியை நாடி மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு உண்டு என்று மற்றொருவன் துணிகிறான். போய்ப் பார்க்கிறான், நெருப்பு இருக்கிறது. அவனுக்கு நெருப்பைப் பற்றிய அறிவு இருந்ததா? 12-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர், மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று குருட்டாம்போக்கில் சொல்லிச் சரியாகிவிட்டவனைக் கொண்டு இதே கேள்வியைக் கேட்டார். 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கங்களில் இதே ஜாதியைச் சேர்ந்த உதாரணங்களை எழுதி மேல்நாட்டுத் தத்துவ உலகத்தைக் கலக்கினார். நம் கல்லூரிகளில் தத்துவம் படிக்கிறவர்கள் கெட்டியரை அறிந்த அளவுக்குத் தர்மோத்தரரை அறியாதது நம் பாடத்திட்டங்களின் லட்சணம்.

இனிக் கௌதமரிடம் திரும்பலாம். வேதம் பொய் சொல்கிறது என்ற ஆட்சேபத்தை அவரே எடுத்துக் காட்டுகிறார்; அதற்குப் பாஷ்யம் தரும் உதாரணம் இது: புத்திரகாமேஷ்டி செய்தவனுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, ஆகவே வேதம் பொய். அதற்குக் கௌதமர் தரும் சமாதானம், கர்மத்திலோ கர்த்தாவிலோ சாதனத்திலோ ஒரு குறை இருந்திருக்க வேண்டும் என்பது. ஆசிரியருக்கு முதல் இடத்தில் கிடைத்த பதிலும் இதுவே: சென்சாரில் குறையில்லை, பெட்ரோல் சரியில்லை. இதைக் கேட்டுச் சிரித்துவிடுவது எளிது. ஆனால் சமாதானம் எப்போதும் போலியல்ல. எத்தனால் நீரை ஈர்க்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்கணக்கில் டேங்கில் நின்று ஈரம் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்குவதுண்டு. சாதனத்தில் குறை என்று சொல்கிறவர், டேங்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோலை வடித்து அடியில் பிரிந்து நிற்பதைக் காட்டுவாரானால் அது சமாதானம். பலன் வரவில்லை என்பதைத் தவிரக் குறைக்கு வேறு சாட்சி இல்லையானால், பலன் வராததால் குறை, குறை இருந்ததால் பலன் வரவில்லை என்று ஒன்றை ஒன்று சார்ந்து சுழலும் அந்யோந்யாசிரயம் என்ற தோஷமாகிவிடும். யாகத்துக்கும் பரிகாரத்துக்கும் நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது என்பதை மறைப்பதில் பயன் இல்லை.

வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இந்த இக்கட்டை முன்கூட்டியே கண்டு விலகிக்கொண்டவர்கள். குமாரில பட்டர் முதலியோர், அறிவு தன்னிலேயே பிரமாணம், பின்னால் பாதகம் ஒன்று தோன்றும் வரையில் அதை ஐயுற வேண்டியதில்லை, பலனைக் காட்டி அதை நிரூபிக்கவும் வேண்டியதில்லை என்றார்கள். பட்டறையிலும் தொடக்கத்தில் எல்லோரும் குமாரிலரே. ஸ்கேனர் சொன்னதை முதலில் நம்பாவிட்டால் ஸ்கேனர் எதற்கு? கரிபடிந்த பிளக் என்ற பாதகம் வந்த பிறகே அது கேள்விக்கு உள்ளாயிற்று. முதல் இடத்தில் செய்த பிழை ஸ்கேனரை நம்பியது அன்று, பாதகம் உண்டா என்று பிளக்கைக் கழற்றிப் பாராமல் விட்டது.

ஆனால் பக்தி நூல்கள் மீமாம்சகர் வழியில் பலனைத் தள்ளிவைக்கவில்லை. அதை நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்துகின்றன. சூலை நோயால் துடித்த தருமசேனர்க்கு, பின்னால் அப்பர் எனப்பட்டவருக்கு, சமண சமயத்தில் இருந்தபோது சமணர்களின் மந்திரம் உதவவில்லை, திலகவதியார் தந்த திருநீறும் திருவதிகை வீரட்டானரின் அருளும் உதவின என்று பெரியபுராணம் சொல்கிறது. பாண்டியனின் சுரத்தைப் பற்றிய கதையோ இன்னும் ஆச்சரியமானது. மன்னனுடைய உடம்பின் இடப்பாகத்தைச் சமணரும் வலப்பாகத்தைச் சம்பந்தரும் ஏற்றுக்கொள்ள, வலப்பக்கம் குளிர்ந்து இடப்பக்கம் மேலும் கொதித்தது. ஒன்று இருக்கும்போது மற்றதும் இருக்கும் என்ற அன்வயமும், அதற்கு மறுதலையான வியதிரேகமும் ஒரே உடம்பில், ஒரே வேளையில், ஒரே நோயின்மேல் நடக்குமாறு அமைந்த இந்தச் சோதனையை 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழார், வெறும் பலனைக் காட்டினால் எதிரி ஒப்பமாட்டான் என்பதை நன்கு உணர்ந்தவர். கதை சரித்திரமா என்பது வேறு கேள்வி. தர்க்கத்தின் கோரிக்கையை அது மதித்துப் பதில் சொல்கிறது என்பதே இங்கு வேண்டுவது.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் திருநள்ளாற்றுக்கும் போய்வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. நட்டைத் தளர்த்திப் பார்க்க அவர்களுக்கு வழியும் இல்லை, மனமும் வராது. தீர்ந்த துன்பம் தீர்ந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் மனித இயல்பு. அவர்கள் 'பலித்தது' என்று சொல்வதை நிரூபணம் என்று கொள்ள முடியாது. தற்செயல் என்று அதை மறுக்கிற பகுத்தறிவாளரிடமும் தளர்த்திப் பார்த்த நட்டு ஒன்றும் கிடையாது. இரு திறத்தாரும் பலனையே பார்த்துக்கொண்டு வாதிடும் வரையில் வழக்குத் தீராது.

அப்பர் விஷயத்தில் பெரியபுராணம் பலனோடு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூலை தீர்ந்த பிறகு அவருக்கு வந்தவை நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லோடு கட்டிக் கடலில் இட்டதுமே. அவற்றிலிருந்து அவர் மீண்டதையும் நூல் சொல்கிறது. ஆயினும் அவர் வாழ்நாள் முழுவதும் கையில் ஏந்தியது உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினால் எந்த நோயும் தீருவதில்லை. செதுக்காவிட்டால் எந்த நோயும் வருவதில்லை. நாளைக்கு மறுபடி முளைக்கும். பலன் பிரமாணமா என்ற கேள்வியே எழ இடமில்லாத காரியம் அது.

இவ்வகைக் காரியத்தை மீமாம்சகர்கள் நித்திய கர்மம் என்று தனியே வைத்தார்கள். அதைப் பற்றித் தங்களுக்குள்ளேயே பிணங்கவும் செய்தார்கள். குமாரிலரைச் சேர்ந்த பாட்டர்கள், நித்திய கர்மத்துக்குச் சுவர்க்கம் முதலிய பலன் இல்லாவிட்டாலும் பாவத்தை விலக்குவது என்ற ஒரு பிரயோஜனம் உண்டு என்றார்கள். பிரபாகரரைச் சேர்ந்தவர்கள், விதிக்கப்பட்டிருக்கிறது என்பதே செய்வதற்குப் போதும், அதற்கு மேல் ஒரு பலனைத் தேடுவது விதியின் மதிப்பைக் குறைப்பதாகும் என்றார்கள். பாலக்கரைப் பட்டறைக்காரர், ஆயில் மாற்ற வரும் வண்டியானாலும், கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து, வேளை வந்துவிட்டதென்றால், ஒருவரும் கேளாமலே டேப்பெட் மூடியைத் திறந்து கேஜை நுழைத்துப் பார்ப்பவர். பெரும்பாலும் இடைவெளி சரியாகவே இருக்கும், மூடிவிடுவார், அதற்குத் தனியே கூலி கேட்பதுமில்லை. நன்றாக ஓடும் வண்டியில் இதைச் செய்வானேன் என்று ஒரு முறை கேட்டேன். வால்வு எரியாமல் இருக்கும், பெட்ரோல் மிச்சமாகும் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"மேனுவல்ல போட்டிருக்கு சார்" என்றார்.

பிரபாகரர் இதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்டிருக்கமாட்டார். குமாரிலர்தான், எரிந்துபோன வால்வு ஒன்றை எடுத்துக் காட்டி, பிரயோஜனம் இல்லாமல் ஒரு விதியா என்று வாதுக்கு நின்றிருப்பார்.